புதியவரை நிறுத்துவோம், தனியே விடோம்

(லாஸ்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம், ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் முதன் முதலாக நிற்கிறவர்களுக்கு நாம் செய்யவேண்டிய உதவி என்ன என்பதாகும். இது தேர்தல் காலத்தில் மாத்திரம் பேசவேண்டிய சங்கதி என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தேர்தல் வந்த பிறகு பேசினால் அது ஓட்டுக் கேட்பதாக ஆகிவிடும்; வருவதற்கு முன் பேசினால்தான் யோசனையாக இருக்கும். நான் சொல்வதில் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

நான் மேடைக்கு வருமுன் ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் தெருவில் என்னை நிற்கச் சொல்லுகிறார்கள். தோற்றால் எனக்கு வருத்தமில்லை. ஜெயித்துவிட்டால் என் கூட யார் வருவார்கள்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இத்தனை வருஷமாய் "ஓட்டுப் போடுங்கள், ஓட்டுப் போடுங்கள்" என்று கத்தி வருகிறோமே தவிர, ஓட்டுப் போட்ட மறுநாள் அந்த அபேட்சகரின் கதி என்ன என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்? அந்த அம்மாளுக்குச் சொல்லவேண்டிய பதிலையே இன்று உங்கள் முன்னிலையில் தேடப் போகிறேன்.

முதலில் நம் ஊரின் கதையைப் பாருங்கள். லாஸ்பேட்டை என்ற பெயரே ஜான் லா என்ற பிரெஞ்சுக் கவர்னரின் பெயரால் ஏற்பட்டது என்று சொல்லுகிறார்கள். அந்தக் கவர்னரை இவ்வூரார் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கப்பலில் வந்தார், ஆண்டார், போனார். 1880-ல் பிரெஞ்சு அரசாங்கம் இங்கே கொம்யூன் சபைகளையும் அவற்றுக்குத் தேர்தலையும் ஏற்படுத்தியது. ஆனால் எப்படிப்பட்ட தேர்தல்? கைப்பிடியளவு ஐரோப்பியருக்கு ஒரு ஜாபிதா, லட்சக்கணக்கான இந்தியருக்கு வேறு ஜாபிதா. பெண்களுக்கு ஓட்டே கிடையாது. இந்தியர் ஜாபிதாவிலும் ஜாதிப் பெரிய மனிதர்களும் அவர்களுடைய அடியாட்களும் வைத்ததே சட்டமாக இருந்தது.

பிரெஞ்சுக்காரர் 1954-ல் நிர்வாகத்தை விட்டுப் போனார்கள். பிறகாவது ஜனங்கள் கைக்கு அதிகாரம் வந்ததா? 1968-ல் ஒரு முனிசிபல் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த தேர்தல் எப்பொழுது? 2006-ல்! முப்பத்தெட்டு வருஷம்! அதுவும் கோர்ட்டுக்குப் போய்த்தான் கிடைத்தது. அந்தச் சபைகளின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் மறுபடியும் தேர்தல் என்று தேதி போட்டார்கள். இட ஒதுக்கீட்டையும் வார்டு ஒதுக்கியதையும் பற்றிய வழக்குகளில் அதுவும் நின்று போயிற்று.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கடற்கரையிலே மேரி கட்டடம் என்று பிரெஞ்சுக்காரர் காலத்து நகரசபைக் கட்டடம் ஒன்று இருந்தது. 2014-ல் அது மழையில் இடிந்து விழுந்தது. பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். ஆக, அந்த வருஷத்தில் மேர் உட்காரும் கட்டடம் தயார். மேரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்தான் இல்லை! கோவில் கட்டிவிட்டுச் சாமியை மறந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஜனநாயகத்துக்குக் கட்டடம் கட்டிவிட்டு ஜனங்களை மறந்ததைப் பார்த்து யாராவது சிரித்தார்களா?

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறேன் என்றால், ஒரு புதியவர் நிற்கிறேன் என்று சொன்னவுடனே, "இவருக்கு அனுபவம் உண்டா?" என்று கேட்கிற பெரியவர்களுக்காகத்தான். அனுபவம் என்ன மரத்திலா காய்க்கிறது? ஐம்பத்துச் சொச்சம் வருஷத்தில் ஒரே ஒரு தேர்தல் நடந்த நாட்டில் யாருக்கு அனுபவம் இருக்க முடியும்? நம் உழவர்கரை முனிசிபாலிட்டியிலும் சரி, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் சரி, பெரும்பாலோர் புதியவராய்த்தான் இருப்பார்கள். பணத்திலே பழையவர், ஜாதியிலே பழையவர், மாமன் மச்சான் உறவிலே பழையவர் என்று சிலர் இருக்கலாம். அவர்களுக்கும் குழாய்த் தண்ணீரைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் நம்மைவிட அதிகம் தெரிந்துவிடவில்லை. தண்ணீருக்குக் குடம் தூக்கி வரிசையில் நின்ற பெண்ணுக்குத் தெரிந்த தண்ணீர்க் கஷ்டம், குடத்தையே தொடாதவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது ஆட்சேபணை, தகுதி. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கினால் தகுதி கெட்டுப்போகும் என்கிறார்கள். 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள், ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் என்றும், தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஜனத்தொகைப்படி இடம் என்றும் விதித்தன. தமிழ்நாட்டில் 2016-ல் பெண்களுக்குப் பாதி இடம் என்றே சட்டம் செய்தார்கள். 21 வயது நிறைந்தவர் இச்சபைகளுக்கு நிற்கலாம். சட்டத்தில் சொன்ன தகுதி இதுதான். பணம் வேண்டும், மீசை வேண்டும், கோவிலில் முதல் மரியாதை வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. சென்னைக்குப் பக்கத்துக் குத்தம்பாக்கத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளங்கோ 1996-ல் தலைவரானார். அவர் செய்த வேலையைப் பார்க்க வெளி ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவரும் ஒரு நாள் புதியவராக நின்றவர்தானே!

மூன்றாவதாக, "ஊர் ஒற்றுமைக்காக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று ஒரு தந்திரம் இருக்கிறது. ஒருமனது என்றால் யாருடைய மனது? தமிழ்நாட்டில் பல ஊர்களில் தலைவர் பதவியைக் கோவில் வாசலில் ஏலம் விட்ட செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பணம் கோவில் கட்டச் செலவாகிறதாம். ஆகையால் அது பாபமல்லவாம்! ஆட்டை ஏலம் விட்டால் ஆட்டுக்காரனுக்குப் பணம் வரும். ஊரை ஏலம் விட்டால் பணம் சாமிக்கு, அதிகாரம் பணக்காரனுக்கு, ஐந்து வருஷக் கஷ்டம் உங்களுக்கு! இன்னும் சில இடங்களில் பணத்தைக் கையில் கொடுத்துச் சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்குகிறார்கள். லஞ்சம் கொடுத்தவனைத் தண்டிக்காத சாமி, வாங்கிய ஏழை மாற்றி ஓட்டுப் போட்டால் மட்டும் கண்ணைக் குத்துமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணத்தை வாங்காதீர்கள் என்பது என் முதல் வார்த்தை. யாராவது பயந்து வாங்கியிருந்தாலும், அந்தச் சூடம் ஓட்டுப்பெட்டி வரைக்கும் உங்களோடு வராது என்பது இரண்டாவது வார்த்தை.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். அவர் பயந்தது வீண் பயமா? இல்லை. மதுரை ஜில்லா மேலவளவு ஊராட்சி 1996-ல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போட்டவர்களை மிரட்டினார்கள்; தேர்தல் தடைப்பட்டது; பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30-ந் தேதி மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, அவரையும் கூட வந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதே வருஷம் ஏப்ரல் மாதம் மதுரை வில்லாபுரத்தில், தண்ணீருக்காகப் போராடிய நகரசபை மெம்பர் லீலாவதியைக் கடைத் தெருவில் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்து வருஷம் தலைவரே ஒழுங்காக உட்கார முடியவில்லை. ஆளில்லாமல் செய்வார்கள், இல்லாவிட்டால் தங்கள் சொல் கேட்கிற ஒருவரை நிறுத்தி, ஜெயித்தவுடன் ராஜினாமா கடிதம் வாங்குவார்கள். 2006-ல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. நமக்குப் பக்கத்துக் கடலூர் ஜில்லா தெற்குத் திட்டையில், ஊராட்சித் தலைவரான பெண்மணி தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை 2020-ல் நாடே பார்த்தது.

இவைகளில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? இவர்களெல்லாம் ஓட்டுக் கிடைக்காமல் கஷ்டப்பட்டவர்கள் அல்ல. ஓட்டு வாங்கி ஜெயித்தவர்கள். ஜெயித்த பிறகு தனியாக விடப்பட்டதுதான் ஆபத்து. ஆகையால் உதவி என்பது ஓட்டுப் போடுவதோடு முடிகிற காரியமல்ல. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஓட்டர் ஜாபிதாவை இப்பொழுதே பாருங்கள். செத்தவர் பெயர் இருக்கும்; உயிரோடிருப்பவர் பெயர் இராது. தெருவுக்கு இரண்டு வாலிபர்கள் வீடு வீடாய்ப் போய் ஒத்துப்பார்த்து, விட்டுப்போன பெயருக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நாமினேஷன் மனுவைப் பூர்த்தி செய்வது. பெயரில் ஒரு எழுத்துத் தப்பு, ஜாதிச் சான்றிதழ் இல்லை, வரி பாக்கி இருக்கிறது என்று பரிசீலனையின்போது தள்ளப்பட்ட ஏழைகள் அநேகர். பணக்காரன் வக்கீலை வைத்து எழுதுகிறான். நம் கூட்டத்தில் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. டாகூர் கல்லூரி இந்த ஊரிலேயே இருக்கிறது. ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, இரண்டு பேர் கூடப் போகட்டும்.

மூன்றாவது, பணம். ஒரே ஆளிடம் பெருந்தொகை வாங்கி நிற்கிறவர், ஜெயித்த பிறகு அந்த ஆளுக்குத்தான் மெம்பர். தெருவார் எல்லாரும் பத்தும் இருபதுமாகப் போட்டு நிறுத்தினால் தெருவுக்கு மெம்பர். அந்தச் செலவுக்குக் கணக்கு எழுதி வையுங்கள். கணக்குக் கொடுக்கத் தவறினால் பின்னால் நிற்கமுடியாதபடி தடை வரக்கூடும்.

நான்காவது, ஓட்டுச்சாவடியில் காலை முதல் கடைசி வரை நம் ஏஜெண்டு இருக்க வேண்டும். சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் தேர்தல் போன கதைகள் எத்தனையோ உண்டு.

ஐந்தாவது, இதுதான் முக்கியம். ஜெயித்த பிறகு முதல் ஆறு மாதம் அவரைத் தனியே சபைக்கு அனுப்பாதீர்கள். உள்ளே உட்கார முடியாவிட்டாலும் வாசல் வரைக்கும் போகலாமல்லவா? அஜெண்டாவை முன்நாள் இரவு அவரோடு உட்கார்ந்து படியுங்கள். படிக்காத காகிதத்திலும் எழுதாத செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொடுங்கள். தீர்மானத்தின் நகல் கேட்கச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்துமூலமாகப் புகார் கொடுங்கள். அதில் அவர் ஒருவர் கையெழுத்தல்ல, நூறு பேர் கையெழுத்து இருக்கட்டும்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவியோ தங்கையோ மெம்பரானால், நாற்காலியில் நீங்கள் போய் உட்காராதீர்கள். "அவளுக்கு என்ன தெரியும்?" என்பவர்களைக் கேட்கிறேன்: உங்களுக்குத் தெரிந்தது மட்டும் பிறக்கும்போதே தெரிந்ததா? அவர் சபைக்குப் போகிற நாளில் நீங்கள் சோறு வடித்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அது எந்தப் பிரசாரத்தைவிடவும் பெரிய உதவியாகும்.

புதியவர் என்றால் தவறே செய்யமாட்டார் என்று நான் சொல்லவில்லை. அவரும் மனிதர். லஞ்சம் வாங்கினால் நாம்தான் முதலில் கேட்க வேண்டும். நம்மவர் என்பதற்காக மூடி மறைத்தால், பழைய பண்ணையாரை இறக்கிவிட்டுப் புதிய பண்ணையாரை ஏற்றியதாகத்தான் முடியும். கூட நிற்பதும் கேள்வி கேட்பதும் ஒரே ஆட்கள் செய்யவேண்டிய ஒரே வேலை.

அம்மா! நீங்கள் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொல்ல உங்களுக்கு இஷ்டமிருந்தால் நீங்களே சொல்லலாம். "கூட யார் வருவார்கள்?" என்று கேட்டீர்கள். நான் வெளியூர்க்காரன், இன்று பேசிவிட்டுப் போய்விடுவேன். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் இந்தத் தெருக்காரர்கள். ஆகையால் தோழர்களே, எனக்குக் கை தட்ட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தலைவரிடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். தேர்தல் எப்பொழுது வந்தாலும், எழுத, நடக்க, ஏஜெண்டாக உட்கார, ஜெயித்தபின் வாசலில் நிற்கத் தயாராயிருப்பவர்கள் அதில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அந்த அம்மாள் அதைப் படித்துப் பார்த்து, நிற்பதா வேண்டாமா என்று தாமே தீர்மானித்துக் கொள்ளட்டும்.