ஒழுகும் தளமும் ஊராட்சியின் பொறுப்பும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று நம் தலைக்கு மேலே இருக்கும் தளத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. அதன் காங்கிரீட் தளம் ஐப்பசிதோறும் ஒழுகும். ஒழுகிய போதெல்லாம் அதன்மேல் சிமெண்டுக் காரை பூசுவதற்கு நான் ஒப்புதல் அளித்து வந்தேன். மூன்று ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. நான்காம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, உட்கூரையின் காரை பெயர்ந்து பிள்ளைகள் அமரும் இடத்தில் விழுந்தது. மறுநாள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் கொத்தனாருடையது அன்று. காரணத்தை ஆராயாமல் கையெழுத்திட்ட என்னுடையதே.

காரணம் யாது? காங்கிரீட் தளம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அசையும். மேலே பூசிய சிமெண்டுக் காரைக்கு நெகிழ்ச்சி இல்லை. ஆதலால் அது வெடிக்கிறது. வெடிப்பின் வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, கம்பியைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கீழேயுள்ள காங்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. மேன்மேலும் காரை பூசினால் பாரந்தான் ஏறுமேயன்றி ஒழுக்கு நிற்காது.

நம் முன்னோர் மச்சு வீடு கட்டிய முறையை எண்ணிப் பாருங்கள். மரவிட்டங்களின் மேல் செங்கல்லை நெருக்கி அடுக்கினர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்தனர். முடிவில் தட்டோடு பதித்தனர். அந்தச் சுண்ணாம்புத் தளம் நீரையும் தடுத்தது, வெப்பத்தையும் தாமதப்படுத்தியது. அத்தொழில் அறிந்தோர் இன்று அருகிவிட்டனர்.

இக்காலத்தில் வாளிகளில் கிடைக்கும் அக்ரிலிக், பாலியூரித்தேன் பூச்சுகள் வேறொரு வழியைத் தருகின்றன. இவற்றைத் தூரிகையாலோ உருளையாலோ பூசலாம். உலர்ந்தபின் தளம் முழுவதும் இணைப்பே இல்லாத ஒரே தோலாகப் படியும். பல பலகைகளைச் சேர்த்த தொட்டி இணைப்பில் கசியும். ஒரே மண்ணில் வனைந்த குடத்தில் கசிவதற்கு இணைப்பே இல்லை. அதுபோன்றதே இது. தளம் நீளும்போது இத்தோலும் உடன் நீளும்.

ஆயினும், பூச்சின் பலன் அடித்தளத்தைச் சீர்செய்வதில் இருக்கிறது. முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தளத்தைத் தட்டிப் பார்த்து, வெற்றோசை தரும் காரையைக் கொத்தி எடுத்துவிடுக. பாசியைத் தேய்த்துக் கழுவுக.

இரண்டாவது, நீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, வடிகுழாயை நோக்கிச் சரிவு அமைத்திடுக.

மூன்றாவது, வெடிப்புகளை அகலப்படுத்தி, நெகிழும் கலவையால் நிரப்புக. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை உருட்டிப் பூசுக. மூலையிலும் வெடிப்பிலும் கண்ணாடி இழை வலையைப் பதித்துப் பூசுவது நலம்.

நான்காவது, தளம் நன்கு உலர்ந்தபின், காலையிலோ மாலையிலோ பூசுக. முதற்பூச்சுக்குப் பிறகு, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பூச்சுகள் வேண்டும். சுவர்மேல் அரை அடியாவது ஏற்றிப் பூச வேண்டும்.

ஐந்தாவது, பூச்சு முற்றிலும் இறுகியபின் வடிகுழாயை அடைத்து, ஓரங்குல நீரை ஒருநாள் நிறுத்தி, உட்கூரையைப் பார்வையிடுக. இச்சோதனை முடியுமுன் பணம் வழங்கலாகாது.

வெண்ணிறப் பூச்சினால் மற்றொரு நன்மையும் உண்டு. புதிய வெண்பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அறையின் புழுக்கம் குறையும். தெலங்கானா அரசு குளிர்கூரைக்கென்றே 2023-இல் ஒரு கொள்கை வெளியிட்டது. ஆனால் மெல்லிய பூச்சு வெயிலைத் திருப்புமேயன்றி, முழு வெப்பக்காப்பு ஆகிவிடாது. அதற்குக் கனமான அடுக்கு வேண்டும். தூசு படிந்தாலும் பலன் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை கழுவுதல் அவசியம்.

உழவர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சிட்ட தளத்தில் நெல்லையும் மிளகாயையும் பாய் விரித்து உலர்த்துங்கள். இரும்புப் பலகையால் வாராதீர்கள். தொலைக்காட்சிக் கம்பத்துக்காகத் துளையிட்டால், அத்துளை ஒன்றே அத்தனை செலவையும் வீணாக்கிவிடும். 500 சதுர அடித் தளத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் நீர் சேரும். அது வீட்டுக்குள் இறங்குவதா, 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குப் போவதா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்றும் கூறுவேன். கம்பி வெளியே தெரியும் தளத்துக்குப் பூச்சு மருந்தன்று. அங்கே முதலில் ஆட்களை வெளியேற்றிவிட்டு, ஒன்றியப் பொறியாளரை அழையுங்கள். நான் சொன்ன பள்ளியிலும் பிறகு அவ்வாறே செய்தோம். பிள்ளைகள் சிலகாலம் சமுதாயக் கூடத்தில் படித்தனர். கம்பிகளைச் சீர்செய்து, சரிவு அமைத்து, அதன் பின்னரே பூசினோம். அடுத்த ஐப்பசியில் அடைமழை பெய்த நாளில் நானே சென்று உட்கூரையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை.

உறுப்பினர்களே! உங்கள் ஊரிலுள்ள பள்ளி, அங்கன்வாடி, நூலகம் ஆகியவற்றின் தளங்களில் நீங்களே ஏறிப் பாருங்கள். கண்டதை மே 1 கிராம சபையில் படியுங்கள். ஆகஸ்டு 15 கிராம சபைக்குள் வேலை முடியட்டும். மழை வந்தபின் ஏணி தேடுவது நிர்வாகமாகாது.