பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, தோழர்களே!

(ஞாயிறு இரவு நம் தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழி அரங்கில் பேசியது. நேரலையைத் தவறவிட்ட தோழர்கள் கேட்டதால் எழுத்து வடிவில்.)



இந்த வாரம் எனக்குக் கொடுத்த தலைப்பு "உடல்நலமும் நுகர்வோர் விழிப்புணர்வும்". தலைப்பைப் பார்த்ததும் பாதிப் பேர் லைவை விட்டுக் கிளம்பிடுவீங்கன்னு தெரியும். காலையில வெந்நீர் குடிங்க, சாயங்காலம் நடங்கன்னு சொல்ல நான் வரல. அதுக்கு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரியப்பா இருக்கார். நான் பேசப்போறது, கடையில வாங்குற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற லேபிளைப் பத்தி. இதை ஏன் ஒரு அரசியல் கட்சியோட பக்கத்துல பேசணும்னு கேட்டா, கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

முதல்ல ஒரு மருந்தோட கதை. 1971, வங்கதேச விடுதலைப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்து முகாம்கள்ல லட்சக்கணக்குல தங்கியிருக்காங்க. காலரா பரவுது. நரம்பு வழியா ஏத்துற சலைன் பாட்டில் தீர்ந்துபோகுது. பங்காவ் முகாம்ல இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ன செஞ்சார்? உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் அளந்து கலந்து, டிரம்ல கரைச்சு வச்சு, நோயாளியோட அம்மா அப்பா கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூத்துக்கு முப்பது பேர் வரை செத்துக்கிட்டிருந்த இடத்துல, சாவு நாலு பேருக்கும் கீழே இறங்குச்சு. அந்தக் கரைசல்தான் இன்னைக்கு நாம ஓ.ஆர்.எஸ்.னு சொல்றது. அவர் இறந்த பிறகு, 2023ல அவருக்கு பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

இது எப்படி வேலை செய்யுதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் (இஞ்சினியரிங் படிச்ச புத்தி, மன்னிச்சுக்கோங்க). வயித்துப்போக்கு சமயத்துல வெறும் தண்ணி கொடுத்தா குடல் அதைச் சரியா உறிஞ்சாது. ஆனா குடல் சுவத்துல ஒரு கதவு இருக்கு. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தா அந்தக் கதவு திறக்கும். ரெண்டும் உள்ளே போகும்போது தண்ணியும் பின்னாடியே போகும். அதனால அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவு: ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சர்க்கரை இதைவிட ரொம்பக் கூடினா கதை தலைகீழா மாறிடும். உடம்புல இருக்கிற தண்ணியைக் குடல் உள்ளே இழுத்துக்கும், போக்கு இன்னும் அதிகமாகும்.

இப்ப கடைக்கு வாங்க. பல வருஷமா மெடிக்கல் ஷாப்ல, சூப்பர் மார்க்கெட்ல, பேர்லயே ஓ.ஆர்.எஸ். என்கிற எழுத்துகளைச் சேர்த்துக்கிட்டு டெட்ரா பேக் பானங்கள் வித்தாங்க. ஆப்பிள், ஆரஞ்சு சுவை வேற. ஹைதராபாத்ல சிவரஞ்சனி சந்தோஷ்னு ஒரு குழந்தை மருத்துவர். "இது ஓ.ஆர்.எஸ். இல்ல, இதைக் குடிச்ச குழந்தைகள் மோசமாகி என்கிட்ட வருது"ன்னு எட்டு வருஷம் தனி ஆளா கத்தினாங்க. வீடியோ போட்டாங்க, நீதிமன்றம் போனாங்க. அந்த மாதிரி ஒரு பானத்துல லிட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம் சர்க்கரை இருக்குன்னு எடுத்துக் காட்டினாங்க. 13.5 எங்கே, 120 எங்கே!

ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் என்ன செஞ்சுது? 2022 ஜூலையில, பேரோட முன்னாடியோ பின்னாடியோ அந்த எழுத்துகளைச் சேர்த்துக்கலாம்னு அனுமதி கொடுத்துச்சு. ஒரே நிபந்தனை: "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். கலவை அல்ல" என்று ஒரு வரி போடணும். 2024 பிப்ரவரியில மறுபடியும் அதே நிலைப்பாடு. கடைசியா 2025 அக்டோபர் 14 அன்னிக்குத்தான் அந்த அனுமதியைத் திரும்ப வாங்குச்சு. மூணு வருஷத்துக்கும் மேல! பேர் பெருசா ஒண்ணு சொல்லும், அதே பாக்கெட்டுல ஒரு வரி அதை மறுக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை துவண்டு கிடக்கும்போது எந்தத் தாய் அந்த வரியைத் தேடுவா?

எங்க வீட்டுலயே நடந்தது. அக்கா பையனுக்கு ஒன்றரை வயசுல வயித்துப்போக்கு. மெடிக்கல் ஷாப்ல ஓ.ஆர்.எஸ். கேட்டதுக்கு அந்த மாதிரி ஒரு டெட்ரா பேக்கைத்தான் கொடுத்தாங்க. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்த சிஸ்டர் அதைக் கையில வாங்கித் திருப்பிப் பார்த்துட்டு, "இது ஜூஸும்மா"ன்னு சொல்லி அரசாங்கப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாங்க, காசில்லாம. பையன் தேறிட்டான். ஒண்ணு சொல்லணும், எங்க அக்கா எம்.ஏ. தமிழ். படிக்காதவங்க இல்ல. அந்தப் பாக்கெட்டுல அவங்க படிச்ச மொழி இல்ல, அவ்வளவுதான்.

இப்ப ஏன் அரசியல்னு சொல்றேன். உணவுப் பாக்கெட் லேபிளுக்கு 2020ல ஒன்றிய அளவுல ஒரு ஒழுங்குமுறை வந்துச்சு. அதுபடி கட்டாயமாகப் போட வேண்டிய விவரம் எல்லாம் ஆங்கிலத்துல இருக்கணும், அல்லது தேவநாகரி எழுத்துல இந்தியில இருக்கணும். வேற மொழி? வேணும்னா கூடுதலா போட்டுக்கலாம், தடை இல்ல. அதாவது தமிழ்நாட்டுல தயாராகி, தமிழ்நாட்டுல வித்து, தமிழ்நாட்டுக் குழந்தை சாப்பிடுற பிஸ்கட்ல என்ன இருக்குன்னு தமிழ்ல சொல்லணும்னு அந்த ஒழுங்குமுறையில கட்டாயம் இல்ல. மொழித் திணிப்புன்னா நமக்கு ரயில்வே போர்டும் பள்ளிக்கூடமும்தான் ஞாபகம் வரும். சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்க தோழர்களே. டிவி விளம்பரம் தமிழ்ல வருது, சுவத்துல போஸ்டர் தமிழ்ல வருது. விக்கத் தெரிஞ்ச தமிழ், சர்க்கரை எத்தனை கிராம்னு சொல்லும்போது மட்டும் எங்க போச்சு?

இதுல எனக்கு அதிகமா கோபம் வர்றது எனர்ஜி டிரிங்க் விஷயத்துலதான். 20 ரூபாய் பாட்டில். பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில எட்டாம் வகுப்புப் பையன் வாங்கிக் குடிக்கிறான். கிரிக்கெட் ஆடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, பரீட்சைக்கு ராத்திரி கண் முழிக்க ஒண்ணு. அது கலர் சோடா இல்லைங்க, கஃபீன் கலந்த பானம். லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம்னு விதி. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதல்ல, ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்கக் கூடாதுன்னு எச்சரிக்கை போடணும்னும் விதி இருக்கு. போட்டிருக்காங்க. எறும்பு எழுத்துல, ஆங்கிலத்துல. கடைக்கார அண்ணனுக்கும் அது தெரியாது, பையனோட அம்மாவுக்கும் தெரியாது. ராத்திரி தூக்கம் வராம, காலையில எரிச்சலா எழுந்திருச்சு, மறுபடி அதே பாட்டிலைத் தேடுற பையனை "செல்போனால கெட்டுப்போயிட்டான்"னு திட்டிக்கிட்டிருக்கோம்.

"ஹெல்த் டிரிங்க்" கதை உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். பால்ல கலந்து கொடுக்கிற மால்ட் பவுடரை அந்தப் பேர்ல விக்கக் கூடாது, சட்டத்துல அப்படி ஒரு வகையே இல்லைன்னு 2024 ஏப்ரல்ல ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிட்டாங்க. அதே வருஷம் ஜூன்ல, அடர்சாறுல தண்ணி கலந்து தயாரிக்கிற பானத்துல "100% பழச்சாறு"ன்னு போடுறதை எடுக்கச் சொன்னாங்க. ஆனா பாக்கெட் மாறின வேகத்துக்கு நம்ம வீட்டுப் பழக்கம் மாறல. இன்னும் அம்மாக்கள் அதை ஊட்டச்சத்துன்னு நம்பித்தான் மாசக் கடைசியிலயும் வாங்குறாங்க.

சரி, படிக்கிறது எப்படி? ரொம்பக் கஷ்டம் இல்ல. "இன்கிரீடியன்ட்ஸ்"னு ஒரு பத்தி இருக்கும். எது எடையில அதிகமோ அது முதல்ல வரணும், அப்படியே இறங்கு வரிசை. முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டைத் திருப்பினா, முதல் பேரே "ரீஃபைண்டு வீட் ஃப்ளோர்"னு இருந்தா, அது மைதா. வேற எதுவும் இல்ல, மைதாவேதான். சர்க்கரைக்கும் மாறுவேஷம் நிறைய: லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப். ஒரே பாக்கெட்டுல மூணு பேர்ல வந்தா, தனித்தனியா அளவு குறைஞ்சு வரிசையில கீழே போயிடும், கவனிங்க. அதனால கீழே இருக்கிற அட்டவணையில "ஆடட் சுகர்ஸ்"ங்கிற வரியைப் பாருங்க. 5 கிராம்னா தோராயமா ஒரு டீஸ்பூன். ஒரு நாளைக்குப் பெரியவங்களுக்கே 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "பெர் சர்வ்"னு ரெண்டு பிஸ்கட்டுக்குக் கணக்குப் போட்டிருப்பாங்க, அதுல ஏமாறாதீங்க. ரெண்டு பிஸ்கட்டோட நிறுத்துற ஆளை நான் இன்னும் பார்க்கல. 100 கிராமுக்கு எவ்வளவுன்னு இருக்கிறதைப் பாருங்க.

இதெல்லாம் படிக்காமலே புரியிற மாதிரி செய்ய முடியாதா? முடியும். சிகரெட் பாக்கெட்டைப் பாருங்க. 2016 ஏப்ரல்ல இருந்து ரெண்டு பக்கமும் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை, அதுல பெரும்பகுதி படம். எழுத்துத் தெரியாதவருக்கும் விஷயம் போய்ச் சேரட்டும்னுதான். (நம்ம ஆளுங்க பெட்டிக்கடையில ஒண்ணு ரெண்டா உதிரியா வாங்குறதால அந்தப் படத்தையே பார்க்கிறதில்ல, அது தனிக் கதை.) சிலி நாட்டுல 2016லயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட் முன்பக்கம் கறுப்பு எண்கோண முத்திரை குத்தணும்னு சட்டம் நடைமுறைக்கு வந்துருச்சு. குழந்தைகூட எண்ணிச் சொல்லலாம்: "அம்மா, இதுல மூணு கறுப்பு இருக்கு." இங்க 2022ல ஒரு வரைவு வந்துச்சு, முத்திரை இல்ல, நட்சத்திர மதிப்பெண். ஹோட்டலுக்கு ரேட்டிங் கொடுக்கிற மாதிரி! அரை நட்சத்திரம் வாங்கின சிப்ஸ்கூட நட்சத்திரம் வாங்கின சிப்ஸ்தானே? 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் மூணு மாசத்துல முடிவு பண்ணுங்கன்னு சொல்லுச்சு, ஜூலையில மறுபடியும் மூணு மாச அவகாசம். பாக்கெட் முன்பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கு.

நம்ம கோரிக்கை ரெண்டு. கட்டாய விவரங்கள் தமிழ்நாட்டுல விக்கிற பாக்கெட்டுல தமிழ்லயும் இருக்கணும். முன்பக்கம் எச்சரிக்கை முத்திரை வரணும், நட்சத்திரம் வேண்டாம். இதை நம்ம நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வியா எழுப்பணும்னு அணியின் சார்பா மனு கொடுக்கப் போறோம்.

அதுவரைக்கும் சும்மா இருக்கலாமா? ராத்திரி ரெண்டு மணிக்கு எவனோ போட்ட பொய்ச் செய்திக்கு ஆதாரம் தேடிப் பிடிச்சு பதிலடி கொடுக்கிற ஆளுங்க நாம. அதே உழைப்புல பத்து நிமிஷம் இதுக்குக் கொடுங்க. உங்க தெருக் கடையில அதிகமா விக்கிற பத்து பாக்கெட், குறிப்பா 5 ரூபாய், 10 ரூபாய், 20 ரூபாய் பொருள். பின்பக்கத்தைப் படம் எடுத்து, சர்க்கரை எத்தனை ஸ்பூன், மைதாவா கோதுமையா, எச்சரிக்கை என்னன்னு தமிழ்ல ரெண்டு வரி எழுதி உங்க கிளை குரூப்ல போடுங்க. ஒரே ஒரு கட்டுப்பாடு: லேபிள்ல இருக்கிறதை மட்டும் எழுதுங்க. "புற்றுநோய் வரும்", "பிளாஸ்டிக் அரிசி" வகையறா வேண்டாம். ஒரு பொய் கலந்தா மிச்ச ஒன்பது உண்மையும் போச்சு, கம்பெனி வக்கீல் நோட்டீஸும் வரும்.

காலாவதிப் பொருள், கலப்படம்னா படத்தோட தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 9444042322க்கு அனுப்புங்க. எம்.ஆர்.பி.க்கு மேல விலை கேட்டா பில் வாங்கிக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்க. நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்குக் கட்டணமே கிடையாது.

குழந்தை வச்சிருக்கிற வீடுகளுக்கு ஒண்ணு மட்டும் தனியா. ஓ.ஆர்.எஸ்.னா பவுடர் பாக்கெட்டா வாங்குங்க, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுன்னு அதுல இருக்கான்னு பாருங்க. ஒரு லிட்டருக்கானதும் வருது, 200 மில்லிக்கான சின்னதும் வருது. எதுன்னு பார்த்து முழுப் பாக்கெட்டையும் அந்த அளவு தண்ணியில கரைங்க. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. பாக்கெட் கையில கிடைக்கிற வரைக்கும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, மோர், இளநீர் கொடுக்கலாம். குழந்தை குடிக்க மறுத்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ இந்தப் பதிவைத் தேடிக்கிட்டிருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. ஆம்புலன்ஸுக்கு 108.

மனுவோட வரைவு கமெண்ட்ல இருக்கு. திருத்தம் இருந்தா புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க தோழர்களே.

#பாக்கெட்டைத்திருப்பு #லேபிளில்தமிழ்