பழைய கப்பலும் நம் ஜீப்பும்

(பொட்டிபுரம் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே! மலையடிவாரத்தில் நின்று கப்பலைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று நினைக்க வேண்டாம்.

2025 மே 25-ல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' கேரளக் கடலில் மூழ்கியது. 1997-ல் கட்டிய கப்பல், வயது 28. ஏற்றியிருந்த பெட்டகங்கள் 640. மாலுமிகள் 24 பேரும் பிழைத்தார்கள். ஆனால் பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கியது. மீனவர் பிழைப்பில் மண் விழுந்தது. 9,531 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டுக் கேரள அரசு உயர்நீதிமன்றம் சென்றது.

கப்பல் சாயாதிருக்க அடித்தொட்டிகளில் கடல்நீர் நிரப்புவார்கள். உப்புநீர் இரும்பைத் தின்னும். வெளியே பெயிண்டு பளபளக்கும். உள்ளே தகடு மெலிந்திருக்கும். கருவி வைத்துத் தகட்டின் கனத்தை அளக்க வேண்டும். அளக்க இறங்குகிறவனுக்கோ உயிராபத்து: மூடிய தொட்டியில் துருவே பிராணவாயுவை உறிஞ்சிவிடும். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் நமக்கு இது புரியும்.

சட்டம் இல்லாமலில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை உண்டு. ஆனால் பழுது பார்க்க நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு வரும்படி போகிறது. கப்பல் கிழடாக ஆகச் செலவும் ஏறுகிறது. உடைமை ஒரு நாட்டில், கொடி வேறு நாட்டில். எல்சா பறக்கவிட்டது லைபீரியக் கொடி. யாரைப் பிடித்துக் கேட்பது?

ஏலக்காட்டுக்கு நம்மை ஏற்றிப்போகும் ஜீப்பும் இப்படித்தான். பிரேக் தேய்ந்தது ஓட்டுகிறவனுக்குத் தெரியும். மாற்றும் பணம் உரிமையாளன் பையில். மில் பாய்லரும் அப்படியே.

ஆகவே கேட்போம்: சோதனையின்போது தொழிலாளியும் கூட நிற்க வேண்டும். பழுதைச் சொன்னவன் வேலை பறிபோகக் கூடாது. கடலானாலும் மலையானாலும் கோரிக்கை ஒன்றே!