பளு தூக்கும் வண்டியும் நம் ஊர் இளைஞர்களும்

(கீழ்புத்துப்பட்டில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விதையும் உரமும் பற்றிப் பேச வேண்டிய நாம், போர்க்லிப்ட் என்னும் பளு தூக்கும் வண்டியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மரக்காணத்து உப்பளங்களில் உப்பைக் கூடையில் வாரித் தலையில் சுமந்த குடும்பங்களின் பிள்ளைகள், இன்று புதுச்சேரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் இவ்வண்டியின் இருக்கையில் அமர்கிறார்கள். முதுகை முறித்த பாரத்தை யந்திரம் ஏற்றுக்கொண்டது நல்லதே. ஆனால் அந்த யந்திரம் கவிழக்கூடியது என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நமக்குத் தெரிந்த ஓர் இளைஞன் ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். ஓட்டுநர் வராத ஒரு நாள், “நீதான் டிராக்டர் ஓட்டுவாயே, இதையும் ஓட்டு” என்று மேஸ்திரி சாவியைக் கொடுத்துவிட்டார். பாரத்தை உயரத் தூக்கியபடியே அவன் வண்டியைத் திருப்பினான். வண்டி சாய்ந்தது. தப்பிக்க எண்ணி வெளியே குதித்தான். குதித்த பக்கமே வண்டியும் விழுந்தது. உயிர் தப்பியது, ஒரு கால் போயிற்று. தகப்பனார் இருந்த நிலத்தை விற்று வைத்தியம் பார்த்தார்.

டிராக்டர் தெரிந்தவனுக்கு இது ஏன் நேர்ந்தது? இவ்வண்டிக்குச் சக்கரம் நான்கு இருந்தாலும், அது நிற்பது முக்காலியைப் போலத்தான். பின் அச்சு நடுவில் ஓர் ஆணியில் ஆடும்படி அமைந்தது. ஆகவே முன் சக்கரங்கள் இரண்டும், பின் அச்சின் நடுவும் சேர்ந்த முக்கோணமே அதன் பிடிமானம். டிராக்டரில் முன் அச்சு அவ்விதம் ஆடும். வரப்பில் ஏறும் டிராக்டர் பக்கவாட்டில் புரள்வதற்கு அதுவும் ஒரு காரணம். போர்க்லிப்டிலோ பாரம் உயர உயர, வண்டியின் கனமும் மேலே போகிறது. அந்நிலையில் வேகமாகத் திருப்பினால் கனம் முக்கோணத்துக்கு வெளியே போய்விடுகிறது. மேலும் இது பின் சக்கரங்களால் திரும்பும் வண்டி. திரும்பும்போது வால் பக்கம் வெளியே வீசும். அருகில் நிற்பவரைச் சுவரோடு நசுக்கிவிடும்.

ஏற்றம் இறைத்ததைக் கண்ட முதியவர்கள் இங்கே இருப்பீர்கள். துலாவுக்குத் தாங்குகால் எப்படியோ, இவ்வண்டிக்கு முன் சக்கரங்கள் அப்படி. முன்னே பாரம், பின்னே எதிர்ப்பாரமாக இரும்பு. வண்டியில் உள்ள தகட்டில் 2,000 கிலோ, 500 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தால், பாரத்தின் நடு, இரும்பு நாக்குகளின் அடிப்பக்கத்திலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும்வரைதான் 2,000 கிலோ. நீளமான சரக்கானால் அத்தனை கனத்தைத் தூக்கக் கூடாது. எதிர்ப்பாரம் போதவில்லை என்று பின்னால் இரண்டு ஆட்களை ஏற்றி நிறுத்தும் புத்திசாலிகளும் உண்டு. அதைவிடப் பேதைமை வேறில்லை.

ஓடும்போது பாரம் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருக்கலாகாது. பாரத்தோடு சரிவில் போனால் பாரம் மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும்; இறங்கும்போது பின்னோக்கியே இறங்க வேண்டும். சரிவில் திருப்பக் கூடாது. தூக்கிய பாரத்தின் கீழே யாரும் நடக்கக் கூடாது. அமர்ந்து ஓட்டும் வண்டி சாய்ந்தால் குதிக்கவே கூடாது. இடுப்புப் பட்டை கட்டியபடி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, வண்டி விழும் பக்கத்துக்கு எதிராக உடலைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். மனம் குதிக்கவே சொல்லும். அதனால்தான் முன்னரே பழக்க வேண்டும் என்கிறோம்.

நம் கடற்கரைக்கு இன்னொரு பகை உண்டு, உப்புக் காற்று. அது தூக்கும் சங்கிலியை அரிக்கும். நாக்கின் கனம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் அதன் வலு ஐந்தில் ஒரு பங்கு குறையும். 40 மில்லிமீட்டர் நாக்கு 36 ஆனால் மாற்றிவிட வேண்டும். சங்கிலி நூற்றுக்கு 3 பங்கு நீண்டாலும் அப்படியே. தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒரு முறையேனும் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. உப்புக் கிடங்கில் ஓர் ஆண்டு வரை காத்திருப்பது போதாது என்பது நம் கருத்து.

வேலை கிடைத்தது என்று பிள்ளை வந்து சொன்னால், சம்பளத்தைக் கேட்பதோடு நில்லாதீர்கள். ஓட்டக் கற்றுக் கொடுத்தார்களா, சோதித்துப் பார்த்த பின்பு சாவி கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், கற்றுக் கொடுக்கும்வரை இருக்கையில் ஏறாதே என்று தடுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும்.

மே 1 அன்று கூடும் கிராம சபையில் இதைப் பொருளாக வைக்க ஊராட்சித் தலைவர் இசைந்துள்ளார். முன்பு சொன்ன அந்த இளைஞனும் வந்து பேசச் சம்மதித்திருக்கிறான். வேலைக்குப் போகும் பிள்ளைகளை அன்று தவறாமல் அழைத்து வாருங்கள்.