கேள்வி யாரிடம் கேட்கப்பட வேண்டும்?

 

நாம் பேசக் கூச்சப்படுகின்ற ஒரு விடயத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். நம் கூச்சத்தினால் பாதுகாக்கப்படுபவன் குற்றவாளியே. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில் களவு போனால், வீட்டுக்காரருக்கு ஆறுதல் கூறுகின்றோம். ஒரு பெண்ணின் மானம் பறிக்கப்பட்டதாகச் செய்தி வந்தாலோ, நம் நாவிலிருந்து முதலில் வருவது என்ன? “அந்த நேரத்தில் ஏன் வெளியே போனாள்? என்ன உடை அணிந்திருந்தாள்? ஏன் சத்தமிடவில்லை?” குற்றம் செய்தவனைப் பற்றிய கேள்வி கடைசியாகவே வருகின்றது, சில வேளைகளில் வருவதேயில்லை.

“மூடி வைக்காத இனிப்பில் ஈ மொய்க்கத்தானே செய்யும்?” என்று மேடைகளில் கூறக் கேட்டிருப்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்னர் நானும் ஒரு ஜும்ஆவில் அவ்வாறு கூறினேன். அன்று மாலை ஒரு தாய் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதார். அவரது மகளுக்கு அப்போது ஒன்பது வயது. குர்ஆன் ஓதிவிட்டுத் தலையை மூடியபடி வந்த பிள்ளையைத்தான் உறவுக்காரன் ஒருவன் நாசப்படுத்தியிருந்தான். “ஹஸ்ரத் சொன்ன இனிப்பு என் பிள்ளைதானா?” என்று அத்தாய் கேட்டாராம். அக்கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

பின்னர் சிந்தித்துப் பார்த்தேன். ஈக்கு மறுமையில் விசாரணை கிடையாது. மனிதனுக்கு உண்டு. அல்லாஹ் அவனுக்கு அறிவைக் கொடுத்து, கட்டளையைக் கொடுத்து, பொறுப்பையும் சுமத்தியுள்ளான். ஆணை ஈயுடன் ஒப்பிடுவது பெண்ணுக்கு அநீதி, ஆணுக்கு இழிவு. அவனுடைய பொறுப்பையே அது நீக்கிவிடுகின்றது.

ஸூரத்துந் நூரைத் திறந்து பாருங்கள். பார்வையைத் தாழ்த்தும்படியும் கற்பைக் காக்கும்படியும் 30ஆம் வசனத்தில் முதலில் கட்டளையிடப்படுவது முஃமினான ஆண்களுக்கே. பெண்களுக்கான கட்டளை 31ஆம் வசனத்தில்தான் வருகின்றது. பெண் எப்படி உடுத்தியிருந்தாலும் ஆணின் கடமை நீங்கிவிடும் என்று அங்கு எந்த விதிவிலக்கும் கூறப்படவில்லை.

இறுதி ஹஜ்ஜின்போது ஹத்அம் கோத்திரத்துப் பெண் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் மார்க்க விளக்கம் கேட்க வந்தார். வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரழி) அப்பெண்ணை நோக்கலானார். ரஸூலுல்லாஹ் என்ன செய்தார்கள்? அப்பெண்ணை விரட்டவில்லை. ஃபழ்லுடைய முகத்தை மறுபுறம் திருப்பிவிட்டு, பெண்ணின் கேள்விக்குப் பதிலளித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது. இளைஞர்களே, திருப்பப்பட்டது யாருடைய முகம் என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

திர்மிதி, அபூதாவூத் ஆகிய நூல்களில் இன்னொரு சம்பவம் உள்ளது. நபிகளாரின் காலத்தில் தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்ணை வழியில் ஒருவன் பலாத்காரப்படுத்திவிட்டு ஓடினான். அவள் கூக்குரலிட, மக்கள் ஒருவரைப் பிடித்து வந்தனர். பதற்றத்தில் அவளும் இவர்தான் என்றாள். உண்மையில் அவர் வேறொருவர். தண்டனை வழங்கப்படவிருந்த வேளையில் உண்மையான குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டான். அந்நிலையிலும் அப்பெண்ணுக்கு நபிகளார் கூறியது, அல்லாஹ் அவளை மன்னித்துவிட்டான் என்பதே. தவறாகப் பிடிக்கப்பட்டவருக்கும் நல்வார்த்தை கூறினார்கள். தனியே ஏன் வந்தாய் என்று அவளிடம் கேட்டதாக அதில் இல்லை.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பாதிக்கப்பட்டவள் மீது பழியில்லை. அதேவேளை, விசாரணையின்றி எவரையும் தண்டிக்கவும் கூடாது. விசாரணை என்பது நடந்ததைத் தேடுவதாகும். அவளுடைய குணத்தை எடைபோடுவதன்று. யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே சாட்சியாகக் கொள்ளப்பட்டது. எனினும், உண்மை வெளிப்பட்ட பின்னரும் சிறை சென்றவர் யூஸுஃப் நபியே. பெரிய வீட்டின் கௌரவத்துக்காக நிரபராதியை அடைத்துவைக்கும் வழக்கம் அன்றே இருந்தது. “குடும்ப மானம்” என்று கூறி மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்துபவரும், கெடுத்தவனுக்கே அவளை மணமுடித்து வைக்க முயல்பவரும் அதையேதான் செய்கின்றனர்.

“அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா?” என்று பெற்றோர் கேட்கலாம். வேண்டும். பிள்ளைகள் எங்கே, யாருடன் செல்கிறார்கள் என்று அறிந்திருப்பது நமது கடமை. ஆனால் எச்சரிக்கை சம்பவத்துக்கு முன்னர் கூறப்படும் அறிவுரை. பழி சம்பவத்துக்குப் பின்னர் எறியப்படும் கல். கதவைப் பூட்ட மறந்தவர் கவனயீனமானவராக இருக்கலாம்; அதற்காகத் திருடனின் பாவத்தில் ஒரு பங்கு அவர் கணக்கில் எழுதப்படுவதில்லை. ஹிஜாப் அல்லாஹ்வுக்காகச் செய்யும் இபாதத். பாதிக்கப்பட்டவளை அடிக்கும் தடியாக அதை மாற்றாதீர்கள். மேலும், பிள்ளைகளைச் சீரழிப்பவர்களிற் பெரும்பாலானோர் அறிமுகமானவர்களே. சிறுவர்களும் பாதிக்கப்படுகின்றனர். அவர்களிடம் எந்த உடையைப் பற்றிக் கேட்போம்?

நாட்டின் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்ட நமது தண்டனைச் சட்டக்கோவை, சம்மதமின்மையை நிரூபிக்க உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் அவசியமில்லை என்கின்றது. அச்சத்தில் உடல் உறைந்துபோவதும் உண்டு, சத்தமிடாமை சம்மதமாகாது. வன்புணர்வுக்குரிய தண்டனை 7 ஆண்டுகளுக்குக் குறையாத, 20 ஆண்டுகளுக்கு மேற்படாத சிறையாகும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அனுமதியின்றி வெளியிடுவதும் குற்றமே. வட்ஸ்அப்பில் அவளது படத்தைப் பரப்புபவர் இதை அறிந்துகொள்ளட்டும். நாவிலிருந்து நாவுக்கு அவதூறு கடத்தியோரை ஸூரத்துந் நூர் கண்டித்திருப்பதையும் அஞ்சட்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நடுங்கியபடி வந்து ஏதேனும் சொன்னால், உங்கள் முதல் வார்த்தை “ஏன் போனாய்?” என்பதாக இருக்க வேண்டாம். “நீ சொன்னது நல்லது மகள். உன்மேல் பிழையில்லை. வாப்பாவும் உம்மாவும் உன்னோடு இருக்கின்றோம்” என்று கூறுங்கள். முதல் வார்த்தை பழியாக அமைந்தால், அப்பிள்ளை மீண்டும் வாய் திறக்க மாட்டாள். குற்றவாளியோ அடுத்த பிள்ளையைத் தேடிச் செல்வான்.

உடையைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். பொலிஸில் முறையிடுங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 எனும் உதவி இலக்கங்கள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகிகளே, இது உங்கள் அறைக்குள் சமரசம் பேசித் தீர்க்கும் பிணக்கன்று. அநீதியிழைக்கப்பட்டவரை நீதியின் வாசல்வரை அழைத்துச் செல்வதே உங்கள் கடமை.

வாலிபத் தம்பிகளே! நண்பர்களின் நடுவே ஒரு பெண்ணைப் பற்றி இழிவான பேச்சு எழும்போது, அதை நிறுத்தும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

மறுமையில் ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது நமது ஈமான். அவ்வாறிருக்க, இம்மையில் குற்றவாளியின் சுமையை எடுத்து ஒரு பிள்ளையின் தலையில் வைக்க நாம் யார்? அன்று வந்த தாயின் கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் அக்கேள்வியைக் கேட்கும் நிலை வராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.