அழைக்கப்பட்டவரும் அழைத்தவரும்



ஒரு பேராசிரியரின் பெருமையை அளக்க முற்படுவோர், அவர் எத்தனை நாடுகளுக்கு அழைக்கப்பெற்றார், எத்தனை மேடைகளில் மாலை சூட்டப்பெற்றார் என்று எண்ணுவது வழக்கம். சேவியர் தனிநாயகம் அடிகளாரை அந்த அளவுகோலால் அளந்தாலும் பட்டியல் நீளும். ஆனால், தமக்கு வந்த அழைப்புகளைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே எண்ணிப் பார்க்கத் தக்கது.

1913ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைத் தீவில் பிறந்தவர் அடிகளார். உரோமாபுரியில் இறையியல் பயின்று 1938இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் அவர் நாவில் பழகியிருந்தன. தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கியதோ, நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றிய நாளில். அப்போது அவர் இருபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக அமர்ந்தார். அங்கே சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி அவர் செய்த ஆய்வு, 1953இல் ஆங்கில நூலாயிற்று. கிரேக்க, இலத்தீன் கவிஞர்களோடு சங்கப் புலவர்களை ஒப்பவைத்துக் காட்டிய அந்நூல், குறிஞ்சியையும் முல்லையையும் உலகக் கவிதையின் வரைபடத்தில் குறித்தது.

வெளிநாடுகளில் உரையாற்றச் சென்றபோது, கற்றறிந்த அவைகளில்கூடத் தமிழைப் பற்றிய அறிமுகம் மிகக் குறைவாக இருக்கக் கண்டார். கண்டு வருந்தியதோடு அவர் அமையவில்லை. அயல்நாட்டறிஞர் படிக்கத்தக்க ஆங்கில ஆய்விதழாகத் ‘தமிழ்க் கல்ச்சர்’ 1952இல் அவர் முயற்சியால் மலர்ந்தது. ஐரோப்பா சென்றால் நூலகங்களின் பழைய அடுக்குகளை நாடினார். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறிய புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மீண்டும் பதிப்பித்தார். விருந்தினராகப் போனவர் தமிழின் பழஞ்செல்வத்தோடு திரும்பினார்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பித்துவந்த அவரை, 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறை அழைத்துக்கொண்டது. 1964 சனவரியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் இருபத்தாறாவது அனைத்துலக மாநாடு புதுதில்லியில் கூடியது. அங்கு வந்திருந்த தமிழறிஞர்களையும் அயல்நாட்டு ஆய்வாளர்களையும் ஒருங்கே அமரச் செய்து, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறக்க அடிகளார் வழிகோலினார். பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் துணைநின்றார். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர் பொறுப்பேற்றனர். தலைமை நாற்காலி அயலாரிடம், உழைப்புச் சுமை தம் தோளில்!

1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1968இல் சென்னை, 1970இல் பாரிசு, 1974இல் அவர் பிறந்த மண்ணாகிய யாழ்ப்பாணம் என மாநாடுகள் தொடர்ந்தன. பிறர் கூட்டிய அவைக்கு ஒரு விருந்தினராகச் சென்றவர், இப்போது உலகையே தமிழின் அவைக்கு அழைத்தார். 1980இல் அவர் மறைந்தார். 2019இல் பத்தாவது மாநாடு சிகாகோவில் கூடியது. அழைத்தவர் மறைந்தும் அழைப்பு மறையவில்லை.

பொன்னாடை மடித்து வைக்கப்படும். பாராட்டிதழின் மை மங்கும். அழைக்கப்பட்டவர் ஒருவருக்காகத் திறந்த கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டதா, பிறருக்கும் திறந்தே கிடந்ததா என்பதே நிலைக்கும் கேள்வி. பத்தாண்டுகளாகப் பிறர் கவிதைக்கு மேடை அமைத்துவரும் வட்டத்தின் அன்பர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். பெறும் அழைப்பு ஒருவருக்குச் சிறப்பு; விடுக்கும் அழைப்பு மொழிக்கே சிறப்பு.