அபேட்சகரைப் பொறுக்குவது யார்?

ஓட்டு நம்முடையது என்கிறார்கள். சரி, சாவடிக்கு நாம் போகுமுன்பே இன்னார்தான் அபேட்சகர் என்று முடிவு செய்தது யார்? தலைமை நிலையத்தில் விண்ணப்பம், பணம், நேர்காணல், பிறகு ஒரு பட்டியல். பெண் பார்த்ததும் பரிசம் போட்டதும் அவர்கள். அட்சதை போட மட்டும் நாம்!

அமெரிக்காவில் கட்சியின் அபேட்சகரையும் ஜனங்களே முதற்கட்டத் தேர்தலில் பொறுக்குகிறார்கள். உடனே மயங்கிவிட வேண்டாம். டெக்சாஸ் மாகாணத்தில் ஜனநாயகக் கட்சியார் அந்தத் தேர்தலில் கறுப்பரைச் சேர்க்கவேயில்லை. அக்கட்சி நிறுத்துகிறவரே அங்கே ஜெயிப்பார். வெளிவாசலைத் திறந்து உள்வாசலைப் பூட்டினார்கள்! 1944-இல்தான் சுப்ரீம் கோர்ட்டு அப்பூட்டை உடைத்தது. 2008-இல் வெள்ளையர் நிறைந்த அயோவா மாகாணமே முதற்கட்டத்தில் ஒபாமாவை முன்னே நிறுத்திற்று.

இங்கும் அப்படி ஒன்று இருந்ததே! 1932-ஆம் வருஷத்துப் பூனா ஒப்பந்தப்படி, தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டும் முதலில் ஓட்டுப் போட்டு ஒரு ஸ்தானத்துக்கு நால்வரைப் பொறுக்குவார்கள். அந்நால்வரில் ஒருவரை எல்லா ஜாதியாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். தம் மக்களிடம் முதலாவதாக வந்தவர், மேல்ஜாதியாருக்குப் பிடிக்காவிட்டால் முடிவில் தோற்கலாம். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள்! 1937, 1946 தேர்தல்களோடு அந்த அரைகுறை உரிமையும் போயிற்று.

இன்று பெரம்பலூர் சட்டசபைத் தொகுதி தனித்தொகுதி. ஆனால் நிற்பவர் யாரென்று அம்மக்களைக் கேட்டாக வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. அரியலூர் பொதுத்தொகுதி, அங்கும் இதே கதைதான். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "உம்மைப் பொறுக்கியவர் எத்தனை பேர், எங்கே கூடினார்கள்?" என்று கேளுங்கள்.